கரியா, கரண்டா, கேஸா? - ஒரு இஸ்திரி வண்டியின் சூடான வரலாறு

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லப் போறதில்லை. நிஜமாவே இந்த ரெண்டு மாசமா ஒரு சின்ன ஆராய்ச்சியில இருந்தேன். விஷயம் என்னன்னா, இஸ்திரிப் பெட்டி. சிரிக்காதீங்க, முழுசா படிச்சுட்டு சிரிங்க :-)

எங்க வீட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில ஒரு அண்ணன் தள்ளுவண்டி போட்டு துணிக்குப் பெட்டி போட்டுக்கிட்டு இருக்கார். நான் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட காலத்திலிருந்து அதே மரம், அதே வண்டி. திருப்பூர்ல வீதிக்கு வீதி பனியன் கம்பெனி. காலையில எட்டரைக்குள்ள ஊரே வேலைக்கு ஓடும். ஓடுறதுக்கு முந்தி பாதிப்பேர் சட்டை அந்த வண்டியைத் தாண்டித்தான் போகும்.

போன மழைக்காலத்துல மரக்கிளை முறிஞ்சு வண்டி மேல விழுந்திருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, வண்டிதான் போச்சு. "இனிமே மழை, வெயில் எதுக்கும் பயப்படக் கூடாது"ன்னு அண்ணன் கையில இருந்த காசையும் கொஞ்சம் கடனையும் சேர்த்து, மூடின பாடி கட்டின ஒரு பழைய குட்டி யானை வாங்கிட்டார். உள்ளே ஒரு மேஜை, துணி அடுக்க ஒரு ரேக். அபார்ட்மென்ட் வாசலுக்கே போய் தேய்ச்சுக் குடுக்கிறதா பிளான். நல்ல பிளான்தான்.

முதல் வாரமே மழை. வண்டிக்குள்ள கரிப் பெட்டியை வெச்சுக்கிட்டு, சாரல் அடிக்குதுன்னு பின்கதவைச் சாத்திட்டு தேய்ச்சிருக்கார். ஒரு மணி நேரத்துல தலைவலி, அப்புறம் வாந்தி வர்ற மாதிரி. டீ வாங்கிட்டு வந்த பையன் கதவைத் திறந்தப்போ அண்ணன் மேஜையில சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். வெளியே கொண்டு வந்து காத்தாட உட்கார வெச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுல தேறிட்டார். ரெண்டு நாள் கழிச்சு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, நீங்க இன்ஜினியரிங் படிச்சவருதானுங்க? அந்த வண்டிக்குள்ள எந்தப் பெட்டி வெச்சா சரி வருமுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். நம்ம ஊர்ல இன்ஜினியர்னா ஃபேன் ஓடலைன்னாலும் கூப்பிடுவாங்க, கிணத்து மோட்டார் ஓடலைன்னாலும் கூப்பிடுவாங்க. ஆனா இந்தக் கேள்விக்கு 'அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லைங்க'ன்னு சொல்ல மனசு வரலை. தேட ஆரம்பிச்சேன். தேடத் தேடத்தான் இந்தப் பெட்டிக்குள்ள எவ்வளவு பெரிய கதை இருக்குன்னு தெரிஞ்சுது.

*

முதல்ல பேர். 'இஸ்திரி' தமிழ் இல்லை. போர்த்துக்கீசிய மொழியில 'எஸ்திரார்'னா இழுத்து நீட்டுறது. அதிலிருந்துதான் வந்ததுன்னு பெரும்பாலும் சொல்றாங்க. ஜன்னல், அலமாரி, சாவி, மேஜை எல்லாம் அவங்க விட்டுட்டுப் போனதுதானே, அந்த லிஸ்ட்ல இதுவும். கொங்குப் பக்கம் சுலபமா 'பெட்டி போடறது'ன்னு முடிச்சிருவோம்.

பெட்டி வர்றதுக்கு முந்தியும் சலவைத் தொழில்ல சூடு இருந்துச்சு. அதுக்குப் பேர் வெள்ளாவி. அழுக்குத் துணியை உவர்மண் கரைசல்ல முக்கி எடுத்து, பானை மேல அடுக்கி, கீழே தண்ணியைக் கொதிக்க விட்டு ராத்திரி முழுக்க ஆவியிலேயே வேக வைப்பாங்க. உவர்மண்ணுல இருக்கிறது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது காரம். காரமும் ஆவியும் சேர்ந்தா எண்ணெய்ப் பிசுக்கு கழண்டு வந்துரும்.

இதுல என்ன ஆச்சரியம்னா, பருத்தித் துணியை வெளுக்கப் பெரிய ஆலைகள்ல 'கியர்'னு ஒரு இரும்புத் தொட்டி இருக்கும். அதுக்குள்ள காஸ்டிக் சோடாவும் ஆவியும் விட்டு, அழுத்தத்துல மணிக்கணக்கா வேக வைப்பாங்க. அதே காரம், அதே ஆவி. மண்பானை இரும்புப் பானையாச்சு, அவ்வளவுதான். ஆனா வெள்ளாவி வெச்ச ஜனங்களை ஊர் ஓரத்துல ஒதுக்கி வெச்சு, வருஷத்துக்கு இவ்வளவு தானியம், வீட்டுக்கு இவ்வளவு சோறுன்னு கூலி குடுத்த ஊர்தான், கியர் வெச்சவரை முதலாளின்னு கூப்பிட்டுச்சு. அண்ணனோட அப்பா காலம் வரைக்கும் அந்தத் தானியக் கூலி இருந்துச்சாம். "டவுனுக்கு வந்து வண்டி போட்டப்புறந்தானுங்க துணிக்கு இவ்வளவுன்னு காசு கண்ணுல பார்த்தோம்"னார். ஆக, அந்தத் தள்ளுவண்டி வெறும் வண்டி இல்லை. ஒரு குடும்பம் ஊர்க்கூலியிலிருந்து வெளியே வந்த வழி.

*

இப்ப கரிப் பெட்டிக்கு வருவோம். சூடான கரியை உலோகச் சட்டியில போட்டுத் துணி மேல தேய்க்கிற பழக்கம் சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே இருந்திருக்கு. ஐரோப்பாவுல மூடி போட்ட பெட்டி வந்துச்சு. பக்கத்துல காத்துப் போக ஓட்டை, மேல மரக் கைப்பிடி. இன்னைக்கு அண்ணன் கையில இருக்கிறதும் கிட்டத்தட்ட அதே டிசைன்தான். பித்தளை, ஏழு கிலோ கிட்ட வரும். மூடிக் கீல் உடைஞ்சப்போ அனுப்பர்பாளையத்துல ஒரு பாத்திரப் பட்டறையில ஒட்டு வெச்சு வாங்கியிருக்கார்.

அந்தக் கனம் குறை இல்லைங்க, அதுதான் பலம். கனமான உலோகம் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். ஈர வேட்டி மேல வெச்சாலும் சட்டுனு ஆறாது. அழுத்தத்தைப் பெட்டியோட எடையே குடுத்துரும், கை தள்ளினா போதும்.

கரியிலயும் ஜாதகம் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து சீமைக்கருவேலங்கரி மூட்டை மூட்டையா வரும். இன்னொண்ணு தேங்காய்த் தொட்டிக்கரி. நமக்கு அது பக்கத்துலயே கிடைக்கும். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் போனா களம் களமா கொப்பரை காயும், எண்ணெய் மில்லுங்க ஓடும். மிஞ்சுற தொட்டியைக் கரியாக்கி, அதிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் பண்ற தொழிற்சாலைகளும் அங்கே இருக்கு. தொட்டிக்கரி கெட்டியா இருக்கும், சாம்பல் கம்மி, ரொம்ப நேரம் கனன்டுக்கிட்டே இருக்கும். பொறி பறந்தா வெள்ளைச் சட்டையில ஓட்டை. அப்புறம் அந்தச் சட்டைக்கு அண்ணன்தான் காசு குடுக்கணும். அதனால கரி தேர்வுல அவர் கறார்.

*

அடுத்தது கரண்ட். நியூயார்க்ல ஹென்றி சீலின்னு ஒருத்தர் 1882-லயே மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா யார் வீட்லயும் கரண்ட் இல்லையே! இருந்த இடத்துலயும் பவர் ஹவுஸ்காரங்க ராத்திரி விளக்கு எரிய மட்டும்தான் ஓட்டுவாங்க.

இங்கேதான் எனக்குப் பிடிச்ச ஒரு கதை வருது. கலிஃபோர்னியாவுல ஏர்ல் ரிச்சர்ட்சன்னு ஒருத்தர், மின்சார கம்பெனியில மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். வீடு வீடா போறப்போ பொம்பளைங்க இஸ்திரி போட அடுப்புப் பக்கத்துல நின்னு படுற பாட்டைப் பார்த்துட்டு, லேசான ஒரு மின்சாரப் பெட்டி செஞ்சார். அந்த ஊர்ல திங்கக்கிழமை துவைப்பாங்க, செவ்வாய்க்கிழமை தேய்ப்பாங்க. அதனால கம்பெனிகிட்ட பேசி செவ்வாய்க்கிழமை பகல்லயும் கரண்ட் விடச் சொன்னார். பெட்டி வித்துச்சு, கரண்டும் வித்துச்சு. அவர் பண்ணின பெட்டிதான் 1905 வாக்குல 'ஹாட்பாயின்ட்'னு பேர் வாங்கினது. பெட்டி நல்லா இருந்தா மட்டும் பத்தாது, அதுக்கு வேண்டிய நேரத்துல கரண்ட் வரணும்னு அந்த மனுஷனுக்குப் புரிஞ்சிருக்கு.

நம்ம பக்கம் 1930-கள்ல பைகாரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்துச்சு. கோயமுத்தூர் மில்லுங்க பெருகினதுக்கு அது ஒரு பெரிய காரணம். திருப்பூர்ல பின்னலாடை மெஷினும் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. கம்பெனிக்கு கரண்ட் வந்தாச்சு. வண்டிக்கு? வண்டிக்கு எப்படிங்க வரும்? சர்வீஸ் கனெக்‌ஷன் வாங்கணும்னா கட்டடம் வேணும், கதவு நம்பர் வேணும், வரி ரசீது வேணும். வேப்பமரத்துக்குக் கதவு நம்பர் இல்லையே.

அப்படியே பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்தவங்களுக்கும் 2008-லிருந்து 2013 வரைக்கும் ஒரு சோதனை வந்துச்சு. அந்தப் பவர்கட் காலம் இந்த ஊர்க்காரங்க யாருக்கும் மறக்காது. 2012-ல நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். ஒரு நாளைக்குப் பாதிக்கு மேல கரண்ட் இருக்காது, மெழுகுவர்த்தியிலதான் படிப்பு. பெரிய கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டர் போட்டாங்க, சின்ன யூனிட்டுங்க ஷட்டரை இறக்கினாங்க. அப்போ ஊர்ல ஒரு நிமிஷம் கூட நிக்காம ஓடினது அண்ணனோட கரிப் பெட்டிதான். எங்க தெருவுல கரண்ட் பெட்டி வெச்சிருந்த வீட்டுக்காரங்க எல்லாம் அவர் வண்டி முன்னாடி கியூவுல நின்னோம் :-)

*

கம்பெனிக்குள்ள கதை வேற. 1970-களோட கடைசியில திருப்பூர்லிருந்து நேரடி ஏற்றுமதி சூடு பிடிச்சப்புறம், வெளிநாட்டுக்காரன் கேட்கிற ஃபினிஷிங் வேணும்னு ஆச்சு. செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு தனித்தனி செக்‌ஷன். பனியன் துணி பின்னல் துணி. கனமான பெட்டியை வெச்சு இழுத்துத் தேய்ச்சா நீண்டுரும், அளவு மாறிடும். அதனால ஸ்டீம். பாய்லர்லிருந்து ஆவி பெட்டிக்கு வரும், மேஜைக்கு அடியில வாக்கம் ஃபேன் ஈரத்தை உறிஞ்சி எடுத்துரும். சுருக்கம் போகும், துணி நீளாது.

இதையே குட்டி யானைக்குள்ள வெச்சா என்னன்னு யோசிச்சேன். 25 லிட்டருக்கு மேல கொள்ளளவு இருந்தா பாய்லர் சட்டத்துக்குள்ள வந்துரும். 1923-ல வந்த சட்டம், 2025-ல புதுச் சட்டமா மாத்திட்டாங்க. அதுக்குக் குறைஞ்ச சின்ன எலக்ட்ரிக் பாய்லர்னா மறுபடி கரண்ட் கேக்குது. சுத்திச் சுத்தி அதே இடம்.

சரி, பேட்டரி? நம்ம ஏரியா, கணக்குப் போட்டேன். 750 வாட்ஸ் பெட்டி, தெர்மோஸ்டாட் பாதி நேரம்தான் ஆன்ல இருக்கும்னு வெச்சா சராசரியா 400 வாட்ஸ். எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணுல 1.8 யூனிட் இருக்கும். ரொம்ப நாள் உழைக்கணும்னா பாதிக்கு மேல உறிஞ்சக் கூடாது, ஆக 0.9. நாலு பேட்டரி வேணும். ஒவ்வொண்ணும் ஐம்பது கிலோ, மொத்தம் இருநூறு கிலோ. லித்தியம்னா எடை குறையும், முதல் செலவு ஏறும்.

சோலார்? திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர்ங்கிற மாணவி சூரிய சக்தியில ஓடுற இஸ்திரி வண்டி ஒண்ணை வடிவமைச்சாங்க. அதுக்கு 2020-ல ஸ்வீடன்ல குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு கிடைச்சுது. 2021-ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல உலகத் தலைவர்கள் முன்னாடி பேசினாங்க. ஒரு இஸ்திரி வண்டி தினமும் அஞ்சு கிலோ கரி எரிக்குதுங்கிறது அவங்க சொன்ன கணக்கு. அண்ணன்கிட்ட கேட்டேன், "ஆமாங்க, மழைக்காலத்துல இன்னுங் கொஞ்சம் சேரும்"னார்.

அஞ்சு கிலோ தொட்டிக்கரியில கிட்டத்தட்ட நாற்பது யூனிட் சூடு இருக்கு. பெட்டிக்கு நிஜமா வேண்டியது மூணு, நாலு யூனிட். மிச்சமெல்லாம் காத்துல, அவர் முகத்துல, நெஞ்சுல. ஆனா குட்டி யானைக் கூரையில ஒரு பெரிய பேனல்தான் வைக்க முடியும். நல்ல வெயில் நாள்ல ரெண்டரை யூனிட் தேறும். கிட்டத்துல வருது, ஆனா பத்தாது. மழை பெய்ற நாளுக்குத்தானே இந்த வண்டியே வாங்கினார்!

*

இப்ப அந்த மழை நாளுக்குத் திரும்ப வர்றேன். கரிக்குப் போதுமான காத்துக் கிடைக்கலைன்னா கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கிறதை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் மயக்கம், அப்புறம் எந்திரிக்கவே முடியாது. வட இந்தியாவுல குளிர் காலத்துல கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கி செத்துப் போறவங்க செய்தி வருஷா வருஷம் வருது. மரத்தடியில இத்தனை வருஷம் அண்ணனைக் காப்பாத்தினது திறந்த வெளிதான். அந்தத் திறந்த வெளிக்கு நாலு பக்கமும் தகரம் அடிச்சதும் ஆபத்து உள்ளே வந்து உட்கார்ந்துடுச்சு.

வெளிநாட்டுல வேனுக்குள்ளயே வீடு கட்டிக்கிட்டுச் சுத்துறவங்களுக்கு இதே பிரச்சினை இருக்கு. அவங்க வேன்ல வைக்கிற நல்ல ஹீட்டர்ல நெருப்பு ஒரு மூடின அறைக்குள்ள எரியும். அதுக்கு வேண்டிய காத்து வெளியிலிருந்து வரும், புகை வெளியே போயிரும். மனுஷன் மூச்சு விடுற காத்தும் நெருப்பு மூச்சு விடுற காத்தும் கலக்கவே கலக்காது. இஸ்திரிப் பெட்டிக்கு அப்படிப் பண்ண முடியாது. நெருப்பு கைக்கு அடியிலேயே இருக்கு.

மிச்சம் கேஸ். இந்தியாவுல சமையல் கேஸ் 1955-ல பம்பாய்ல ஆரம்பிச்சுது. இஸ்திரிக்கு கேஸ் பெட்டி வந்தது ரொம்பப் பின்னாடி. சலவைத் தொழிலாளர்களுக்குப் பித்தளைப் பெட்டி குடுத்துட்டு இருந்த தமிழக அரசுத் திட்டத்துலயே இப்ப கேஸ் பெட்டியும் வந்துடுச்சு. ஆறு கிலோ வரைக்கும் எடை இருக்கும், அதனால பழகின கைக்கு வித்தியாசம் தெரியாது. சாம்பல் இல்லை, பொறி இல்லை. ஒரு கிலோ கேஸ்ல பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல சூடு. பாதி வீணானாலும் என் கணக்குப்படி ஒரு நாளைக்கு அரை கிலோவைச் சுத்தித்தான் வருது.

வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது. ஆனா 2013-லிருந்து அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் வெளிச்சந்தையில விக்கிறாங்க. அடையாள அட்டை இருந்தா போதும், கதவு நம்பர் கேட்கிறதில்லை. மரத்தடிக் கடைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்பதான் எனக்கு உறைச்சுது. கரி ஏன் இத்தனை வருஷம் நிலைச்சு நின்னுச்சுன்னு கேட்டா, பெட்டி நல்ல பெட்டிங்கிறது பாதிக் காரணம். யார்கிட்டயும் விண்ணப்பம் போடாம வாங்க முடிஞ்ச ஒரே சூடு அதுதான்ங்கிறது மீதிக் காரணம்.

*

கடைசியா அண்ணன்கிட்ட சொன்னது இதுதான். கேஸ் பெட்டி வாங்கலாம். ஆனா கேஸும் நெருப்புதான், மூடின இடத்துல அதுவும் அதே விஷத்தைக் கக்கும். அதனால வண்டிக்குள்ள நின்னு தேய்க்கிற பேச்சே கூடாது. பின்கதவை முழுசாத் திறந்து, மேஜையைக் கதவு ஓரத்துக்கு இழுத்து, மேல தார்ப்பாய் கட்டி, வெளியே நின்னு தேய்க்கணும். சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், அதுவும் வண்டிக்கு வெளியில. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையோட தரையா வண்டிக்குள்ள தேங்கிரும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழட்டிடணும். டியூபை அப்பப்போ சோப்புத் தண்ணி விட்டுப் பார்க்கணும். வண்டியில எதையும் வெல்டிங் அடிச்சு மாத்த வேண்டாம், மேஜையை இறக்கி ஏத்துற மாதிரி வெச்சுக்கலாம்.

எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு அண்ணன் சொன்னார்: "அப்போ மழையில வெளியில நின்னுதான் தேய்க்கோணும். அதுக்கு அந்த வேப்பமரத்தடியே போதுமாயிருந்துச்சுங்களே தம்பி!"

என்கிட்ட பதில் இல்லை. தார்ப்பாய் மட்டும் நல்ல தடிமனா வாங்கிக் குடுத்தேன்.

இப்ப ஒரு மாசமா கேஸ்லதான் ஓடுது. சாயங்காலம் இருமல் குறைஞ்சிருக்குன்னு அக்கா சொல்றாங்க. அண்ணனுக்கு ஒரே ஒரு குறை, கல்யாண வேட்டிக்கு அந்தப் பழைய பித்தளைப் பெட்டி குடுக்கிற மடிப்பு இதுல வரலையாம். அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் வெட்டவெளியில, மரம் இருந்த அதே இடத்துல, ஒரு கைப்பிடி தொட்டிக்கரியைப் பத்த வைக்கிறார். நானும் என் ஒரே வேட்டியைக் கொண்டு போய்க் குடுத்துட்டு பக்கத்துல உட்கார்ந்து கதை கேட்பேன். வெள்ளாவிப் பானை கதையெல்லாம் அப்படி வந்ததுதான்.

பி.கு: மழை நாள்ல யாராவது கதவைச் சாத்திக்கிட்டு கரி அடுப்போ கரிப் பெட்டியோ வெச்சிருக்கிறதைப் பார்த்தீங்கன்னா, 'அவங்களுக்குத் தெரியாதா என்ன'ன்னு நினைக்காம ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முப்பது வருஷமா கரியோட பழகின மனுஷனுக்கே தெரியலை.